ஃபார்மில் எழுதாத மாத்திரை

எங்கள் டூர் ஃபார்மில் மொத்தம் பதினான்கு கேள்விகள். பதினான்குக்கும் பதில் எழுதி அனுப்பியவர்கள் பிள்ளைகள். டூர் வந்தவர்களோ அவர்களுடைய அப்பா அம்மாக்கள். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

இந்தத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் இளசுகள் அடிக்கடி என்னைக் கூப்பிடுகிறார்கள். எந்த வேன் வாடகைக்கு எடுப்பது, எந்த ஹோட்டலில் ரைஸ் குக்கர் வைத்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், தயிர் சாதத்தை எத்தனை மணி நேரம் கூலரில் வைக்கலாம் என்று கேட்பார்கள். அதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே "ஓகே ஆன்ட்டி, காட் இட்" என்று வைத்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். சொந்த ஊர் மேலப்பாளையம். டெக்சஸில் டல்லாஸ் பக்கம் காப்பெல் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அதில் பதினொரு வருடம் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸ் கையில் இருந்தது, வாய் கொஞ்சம் நீளம், சமைக்கவும் தெரியும். இந்த மூன்றையும் வைத்துத்தான் பேரன்ட்ஸ் டூர் தொடங்கினேன். ஆறு மாத விசாவில் வரும் அப்பா அம்மாக்களை மகனும் மருமகளும் ஒரு நயாகரா, ஒரு டிஸ்னி காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மிச்ச நாளெல்லாம் இவர்கள் பேக்யார்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களை நான் கூட்டிப் போகிறேன். தமிழில் பேசலாம், தமிழ்ச் சாப்பாடு சாப்பிடலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரெஸ்ட்ரூமுக்கு நிறுத்துவேன். நான் நல்ல டிரைவர், நல்ல கைடு. அடக்கமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

1. டயரைத் தட்டிப் பார்த்தவர்

அந்த முறை அரிசோனா டூர். டல்லாஸிலிருந்து பீனிக்ஸுக்கு ஃப்ளைட், அங்கிருந்து பதினைந்து சீட் வேன். மொத்தம் பதினொரு பேர். ஐந்து தம்பதிகள், கூட வசந்தா டீச்சர். டீச்சர் நாகர்கோவில்காரர், பள்ளியில் வரலாறு எடுத்து ரிட்டயர் ஆனவர்.

முதல் இரண்டு நாள் கிராண்ட் கேன்யன். மூன்றாம் நாள் அரை நாள் டூர் ஒன்று வைத்திருந்தேன். காலையில் கேன்யனை விட்டுக் கிளம்பி, வழியில் தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய இடிந்த ஊர் ஒன்றைப் பார்ப்பது, பிறகு பக்கத்திலிருக்கும் எரிமலையில் ஒரு ஏற்றம், மதியச் சாப்பாட்டுக்கு பிளாக்ஸ்டாஃப் நகரத்துக்குப் போய்விடுவது. என் டூர்களிலேயே எல்லாருக்கும் பிடித்தது இதுதான். "அரை நாள்ல எரிமலையும் பாத்தாச்சு, பழைய ஊரும் பாத்தாச்சு" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும்.

காலை ஆறரை மணிக்கு நான் லக்கேஜ் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வேனைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். குப்புசாமி அண்ணன். கோபிச்செட்டிபாளையம். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் டிரைவர். மகன் பிரபு காப்பெல்லில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறான்.

"அம்மிணி, பின்னால எடது டயர்ல காத்து கம்மியா இருக்குதுங்க."

கேஜ் வைத்துப் பார்த்தேன். ஆறு பவுண்டு குறைந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று, சந்தோஷமாகவும் இருந்தது.

"அண்ணே, நீங்க முன் சீட்டுல உக்காருங்க. இன்னைக்கு நீங்கதான் எனக்கு கண்டக்டர்."

"கண்டக்டரா? முப்பத்தொரு வருஷம் ஸ்டீரிங் புடிச்சவனைக் கண்டக்டராக்கீட்டீங்களே!" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். அவர் மனைவி சரஸ்வதி அக்கா பின்னாலேயே வந்து, பெரிய கைப்பையிலிருந்து ஒரு வைட்டமின் பாட்டிலை எடுத்து, இரண்டு மாத்திரை கொடுத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ் கலர். வைட்டமின் பாட்டிலில் இரண்டு நிறத்தில் மாத்திரை இருக்காது. அதைப் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. பிரபு அனுப்பிய ஃபார்மில் ஹார்ட் பிராப்ளம், நோ. பிரஷர், நோ. மூட்டு வலி, லேசாக. ஃபார்ம் சொன்னதை நம்பினேன், கண் சொன்னதை விட்டுவிட்டேன்.

2. போர்டு படித்தவர்

அந்த இடிந்த ஊர் ஒரு பொட்டல் காட்டில் இருக்கிறது. செக்கச் செவேலென்ற கல்லில் கட்டிய பெரிய வீடு, சுமார் நூறு அறைகள். கூரை போய்விட்டது, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. எரிமலை வெடித்த பிறகுதான் அங்கே அதிகம் பேர் குடி வந்தார்களாம். சாம்பல் விழுந்த மண்ணில் ஈரம் தங்கியதாம், சோளம் விளைந்ததாம். அவர்களுடைய வம்சத்து மக்கள் இன்றும் அரிசோனாவில் இருக்கிறார்கள். முன்னோர்கள் இன்னும் அங்கேயே இருப்பதாக அவர்கள் நம்பிக்கை. அதனால் சுவரில் சாயக் கூடாது, ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று இறங்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

வசந்தா டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. "தஞ்சாவூர்ல பெரிய கோயில் கட்டி நூறு வருஷம் ஆனப்போ, இவங்க இங்க வீடு கட்டியிருக்காங்க. நினைச்சுப் பாருங்க!" என்று எல்லாருக்கும் வகுப்பெடுத்தார். தரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து காற்று அதன் வழியாக வந்து போகும். அன்றைக்குக் குளிர்ந்த காற்று மேலே வந்துகொண்டிருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைக் காட்டிவிட்டு, "இலவச ஏசி" என்று சிரித்தார்கள்.

நடை மொத்தம் அரை மைல்தான். இறங்கிப் போக வேண்டும், திரும்பும்போது ஏற வேண்டும். பாதையோரம் விளக்கப் பலகைகள் உண்டு. வருகிறவர்கள் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. ஆனால் குப்புசாமி அண்ணன் ஒரு பலகை விடவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றிரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். "பாருங்க, அண்ணன் எவ்வளவு ஆர்வமாப் படிக்கிறாரு! நீங்களும் இருக்கீங்களே, செல்ஃபி எடுக்கத்தான் லாயக்கு!"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

3. மேலே ஒரு க்ரூப் போட்டோ

பெரிய எரிமலையில் ஏற விடமாட்டார்கள். ஏறி ஏறிப் பாதை வெட்டுப்பட்டுப் போயிற்று என்று பல வருடங்களுக்கு முன்பே மூடிவிட்டார்கள். பக்கத்திலேயே சின்ன எரிமலை ஒன்று இருக்கிறது, அதில் ஏறலாம். முந்நூறு அடி ஏற்றம். சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி. போதாக்குறைக்குப் பாதை முழுக்கக் கருப்புச் சரளை. இரண்டடி எடுத்து வைத்தால் ஓரடி சறுக்கும்.

இங்கேதான் என் பிசினஸ் தந்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டூருக்குப் பணம் கட்டுவது பிள்ளைகள். அவர்கள் கண்ணில் படுவது போட்டோதான். அதனால் ஒவ்வொரு டூருக்கும் ஒரு வாட்ஸப் க்ரூப் வைப்பேன். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் சிரிக்கும்படி ஒரு க்ரூப் போட்டோ எடுத்துப் போட்டுவிடுவேன். ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும் பிள்ளை அதைப் பார்த்து இரண்டு ஹார்ட் போடும். அடுத்த டூருக்கு நண்பனின் அப்பா அம்மாவையும் சேர்த்துவிடும். எரிமலைக்கு என் விதி ஒன்றே ஒன்று. எல்லாரும் உச்சிக்கு வந்தால்தான் போட்டோ.

அடிவாரத்திலேயே சொன்னேன். "மெதுவா ஏறலாம், அவசரமே இல்ல. ஆனா ஒருத்தர் கொறைஞ்சாலும் போட்டோ கிடையாது. உங்க பிள்ளைங்க கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் சரஸ்வதி அக்கா என் கையைப் பிடித்து, "அவுரு கீழயே இருக்கட்டுமுங்க அம்மிணி, முட்டி வலிங்கறாரு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"முட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல. நீ சும்மா வா. பையன் போட்டோ பாப்பான்."

ஏறினோம். எல்லாரும் மூச்சு வாங்கினார்கள், அதனால் அவர் வாங்கியது தனியாகத் தெரியவில்லை. உச்சிக்கு வந்ததும் பைன் மரங்களுக்கு நடுவே பனி மூடிய மலை தெரிந்தது. எல்லாரையும் நிறுத்தி, "சிரிங்க!" என்றேன். அண்ணனும் சிரித்தார். நெற்றி முழுக்க வேர்வை. குளிர் காற்றில் வேறு யாருக்கும் அவ்வளவு வேர்க்கவில்லை. போட்டோவைப் போட்ட இரண்டாவது நிமிடம் பிரபு பதில் போட்டான். "சூப்பர் அப்பா! யூ ஆர் ஃபிட்டர் தேன் மீ!"

அதை அண்ணனுக்குக் காட்டலாம் என்று திரும்பினேன். அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் பிடித்திருந்தார். சரஸ்வதி அக்கா அவர் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டிருந்தார்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வாப்பா சட்டைப் பையில் எப்போதும் வைத்திருந்தார்.

"அக்கா, இது என்ன மாத்திரை?"

"கேஸ் மாத்திரைங்க அம்மிணி."

"அக்கா!"

அக்கா அழுதுவிட்டார். "ஒன்றரை வருஷம் முன்னால ஈரோட்டுல ஸ்டென்ட்டு வெச்சாங்க. பையன்கிட்டக் கண்ணு ஆபரேஷன்னு சொல்லீட்டோமுங்க. அவன் அங்க வேலைல கெடந்து மல்லாடறான், பதறிப்போவான்னு… ஊட்டுல இருந்தே பாட்டில மாத்திக் கொண்டாந்தோம். அங்க பலகை பலகையா நின்னாரே, அவுருக்கு இங்கிலீசு எழுத்தே தெரியாதுங்க. மூச்சு வாங்கத்தான் நின்னாரு."

ஃபார்ம் கிடக்கட்டும். பலகைக்குப் பலகை நின்ற மனிதரை நான் ஊரைக் கூட்டிப் பாராட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் வண்டி ஓட்டி நான் கற்றது இவ்வளவுதானா என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

4. என் வண்டி

அழுவதற்கு நேரமில்லை. நல்லவேளையாக உச்சியில் சிக்னல் இருந்தது. நயன் ஒன் ஒன் அடித்தேன். பார்க் ரேஞ்சர்கள், ஒரு பெண்ணும் ஒரு பையனும், தூக்கு நாற்காலியோடு உச்சிக்கே ஏறி வந்து, அவரை அலுங்காமல் கீழே இறக்கினார்கள். நாங்கள் பார்க்கிங் லாட்டுக்கு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸும் வந்தது.

பாராமெடிக் இளம் வயதுக்காரர். நெஞ்சில் ஒயர் ஒட்டி, பேப்பரில் கோடு பார்த்தார். அவர் முகம் மாறியது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

நான் மொழிபெயர்க்கட்டும் என்று அண்ணன் காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவரே சொன்னார். "நோ, நோ. ஓகே. ஐ ஓகே."

பாராமெடிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர் நினைவோடு இருக்கிறார், தெளிவாக இருக்கிறார், வேண்டாம் என்றால் நான் வலுக்கட்டாயமாக ஏற்ற முடியாது, சட்டம் அப்படி. அவருடைய பாஷையில் கேட்டுச் சொல்லுங்கள், சீக்கிரம் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன்.

"வேண்டாமுங்க அம்மிணி. கீழ எறங்கியாச்சு, செத்த நேரத்துல செரியாயிரும். ஆஸ்பத்திரிக்குப் போனா என்ற பையனுக்குத் தெரிஞ்சு போயிரும். பில்லு வேற வரும், பழைய நோவுக்கு இன்சூரன்ஸ் தர மாட்டாங்கன்னு ஊருலயே சொன்னாங்க. அவன் பொழப்புல மண்ணைப் போடறதுக்கா நான் பிளேன் ஏறி வந்தேன்?"

"என்ன சொல்கிறார்?" என்றார் பாராமெடிக்.

இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தப் பார்க்கிங் லாட்டில் தமிழும் இங்கிலீஷும் சேர்த்துத் தெரிந்தவர்கள் நானும் வசந்தா டீச்சரும் மட்டும்தான். டீச்சர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். "போகலாம் என்கிறார்" என்று ஒரு பொய் சொன்னால் போதும். சரஸ்வதி அக்காவும் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினார். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரில் பெல்ட் போடும்போது மனிதர் திமிறி எழுந்தால், இருக்கிற இதயமும் தாங்காது. அது ஒன்று. இன்னொன்று, அது அவர் உயிர். அவர் வாயால்தான் சரி என்று சொல்ல வேண்டும்.

"வேண்டாம் என்கிறார். ஒரு நிமிஷம் கொடுங்கள்" என்று பாராமெடிக்கிடம் உள்ளதைச் சொன்னேன். அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். டிரைவரா இருந்து பதில் சொல்லுங்க. உங்க வண்டி கோபியிலேர்ந்து சத்தியமங்கலம் போகுது. அம்பது பேரு இருக்காங்க. நடுவுல ஒருத்தரு நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு, வேர்த்துக் கொட்டுது. ஒண்ணுமில்ல, ஸ்டாப் வந்தா எறங்கிக்கிறேன்னு சொல்லுதாரு. என்ன பண்ணுவீங்க?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் தொழில் விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒரு ஸ்டாப்பும் பாக்காம நேரா ஜி.ஹெச்.சுக்கு உடுவேனுங்க. உட்டுருக்கேன், ரெண்டு தடவ."

"அவரு வேண்டாம்னாரே?"

"அவுரு வேண்டாம்னா ஆச்சா? ஊட்டுல என்ன சொல்லுவாங்க, பில்லு என்ன ஆகும், அதெல்லாம் அப்பறம். என்ற வண்டில ஏறுனா என்ற பொறுப்புங்க."

"அண்ணே, இன்னைக்கு நீங்க ஏறுனது என் வண்டி."

அவர் திரும்பி, தள்ளி நின்ற வேனைப் பார்த்தார். காலையில் அவர் சொல்லி நான் காற்றடித்த டயரைப் பார்த்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு பாராமெடிக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எஸ்," என்றார். "கோ."

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது என் துப்பட்டா நுனியைப் பிடித்து, "பையனுக்கு நீங்களே பக்குவமா சொல்லீருங்க அம்மிணி" என்றார்.

"நான் சொல்ல மாட்டேண்ணே. என் வாயால கேட்டா பயத்துலயே செத்துப் போயிருவான். உங்க கொரலக் கேட்டாத்தான் அவனுக்கு உயிரு வரும்."

பிரபு நம்பரை அடித்து அவர் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பையன், "ஆன்ட்டி, போட்டோ சூப்பர்!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

"பிரபு… அப்பன்டா. நெஞ்சு கொஞ்சம் வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறேன். பேச்சு வருதுல்ல, பயப்படாத. கண்ணு ஆபரேஷன்னு சொன்னது பொய்யி. ஸ்டென்ட்டு வெச்சாங்க. ஆத்தாள வையாத, நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்."

அதற்கு மேல் பேச விடாமல் கதவைச் சாத்தினார்கள். அக்கா முன்னால் ஏறிக்கொண்டார். நான் மிச்ச ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் பின்னாலேயே விட்டேன். வேனில் ஒருவர்கூடச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

5. கூலிங் கிளாஸ்

இதயத்தில் வேறொரு ரத்தக்குழாயில் அடைப்பு. அன்று பிற்பகலே சரி செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி இருந்த பிளாக்ஸ்டாஃபுக்கு டல்லாஸிலிருந்து நேராக ஃப்ளைட் உண்டு. பிரபு சாயங்காலமே வந்து சேர்ந்தான்.

காரிடாரில் முதலில் கண்ணில் பட்டது நான்தான். "எப்படி ஆன்ட்டி ஏத்துனீங்க? அவர் ஏஜ் தெரியும்ல? யூ ஆர் சப்போஸ்ட் டு டேக் கேர்!" என்று கத்தினான். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

நான் கத்தவில்லை. "ஃபார்ம்ல நோ போட்டது நீ. மலையில ஏத்தினது நான். ரெண்டு பேரு மேலயும் தப்புதான். என்னை எவ்வளவு வேணும்னாலும் அப்புறம் திட்டு. முதல்ல உள்ள போ, அவரு உன்னை நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்காரு."

உள்ளே போனான். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது. பிரபுதான் ஆரம்பித்தான்.

"கண் ஆபரேஷன்னு சொன்னப்ப நான் ஒரு கூலிங் கிளாஸ் அனுப்பினேனேப்பா. போட்டுக்கிட்டு போட்டோகூட அனுப்பினியே."

"நீ அனுப்புனியேன்னு போட்டேன் சாமி."

"ஆறு மாசம் போட்டுக்கிட்டு சுத்துனாரு," என்றார் சரஸ்வதி அக்கா. "ராத்திரில கூடக் கழட்ட மாட்டேன்னு அடம்."

பிரபு சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டான். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் வந்திருப்பேனேப்பா. நீ ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கும்போது நான் இங்க லேக்ல கயாக் ஓட்டிட்டு இருந்தேன்ப்பா" என்றான். அண்ணன் அவன் கையைத் தேடிப் பிடித்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். பெரிய பில்தான் வந்தது. பல மாதம் பேசிக் குறைத்தார்கள், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் அதைச் சொல்லி அவன் ஒரு நாளும் குறைபட்டு நான் கேட்டதில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறார். இப்போதும் மாதத்துக்கு ஒரு தரம் கோபியிலிருந்து கூப்பிட்டு, டயருக்குக் காற்று பார்த்தேனா என்று கேட்பார்.

6. இப்போது எப்படிச் செய்கிறேன்

டூர் தொழிலுக்கு வரும் இளசுகளே, எழுதிக்கொள்ளுங்கள். உச்சி போட்டோவை அன்றோடு நிறுத்திவிட்டேன். அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தும் போட்டோ எடுக்கிறேன், அதற்கும் பிள்ளைகள் ஹார்ட் போடத்தான் செய்கிறார்கள். ஏற மாட்டேன் என்று யாராவது சொன்னால் காரணம் கேட்பதில்லை. பலகை முன்னால் ரொம்ப நேரம் நிற்பவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் போய் நானும் நிற்கிறேன்.

ஃபார்மைக் கிழித்துப் போட்டேன். முதலில், பிள்ளைகள் ஆபீஸ் போன நேரமாகப் பார்த்து அப்பா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன். அது சரிப்படவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கடைசியில் "பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்பார்கள். இப்படி ஒரு வருடத்தில் பாதி காப்பெல்லின் இதயமும் சிறுநீரகமும் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பிறகுதான் உறைத்தது. குப்புசாமி அண்ணனை மலையேற்றியது எனக்குத் தெரியாத மாத்திரை மட்டுமல்ல, பிரபுவுக்குத் தெரியாத மாத்திரையும்தான். மகனுக்குத் தெரிந்திருந்தால் அவர் போட்டோவுக்காக ஏறியிருக்கவே மாட்டார்.

அதனால் இப்போது ஒரே ஒரு கேள்விதான். உங்கள் பிள்ளைக்குத் தெரியாமல் சாப்பிடும் மாத்திரை என்னென்ன? "இருக்கா" என்று கேட்கக் கூடாது. "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். "என்னென்ன" என்றுதான் கேட்க வேண்டும். பதில் வந்தபிறகுதான் சீட்.

போன வாரம் பிளசன்டனிலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். கலிபோர்னியாவிலிருந்தும் இப்போது வருகிறார்கள். பெயர், வயசு, சாப்பாடு எல்லாம் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவர், இந்தக் கேள்வி வந்ததும் கப்சிப். பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அது வந்து… தம்பி இங்க பக்கத்துலயே உக்காந்திருக்கான். நான் அப்புறமா கூப்பிடட்டுமா?"

"பக்கத்துலயா இருக்காரு?" என்றேன். "ரொம்ப நல்லதாப் போச்சு. டிவிய நிறுத்திட்டு ஸ்பீக்கர்ல போடுங்கம்மா."